பழைய பேச்சுக் கருவிகள் புதிய கணினியில் பேசுவது எப்படி

திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குப் பேசிக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள், 1980களில் பெரும்பாலும் சீரியல் போர்ட்டில் (தரவைப் பிட் பிட்டாக அனுப்பும் இணைப்பில்) பொருத்தப்பட்ட தனிப் பெட்டியின் வழியாகவோ கணினிக்குள் செருகப்பட்ட அட்டையின் வழியாகவோ பேசியது. அந்தக் குரல்கள் இயந்திரத்தனமானவை. ஆனாலும் இன்றைய இயல்பான குரல்களைவிட அவற்றையே விரும்புவோர் உள்ளனர். அதற்குப் பழக்கம் மட்டும் காரணம் அன்று. சாதாரணப் பேச்சைவிடப் பல மடங்கு வேகத்தில் கேட்பவருக்கு, ஓர் ஒலி ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக ஒலிப்பதும், விசையை அழுத்திய உடனே பேச்சு தொடங்குவதும், அடுத்த விசையில் அது அறுபட்டு நிற்பதும்தான் முதன்மையானவை.

அத்தகைய கருவிகள் பழுதாகும்போது மாற்றுச் சிப் கிடைப்பது அரிது. ஆகவே, அவற்றின் மின்சுற்று செய்த வேலையை மென்பொருளே செய்துகாட்டும் எமுலேட்டர்கள் எழுதப்படுகின்றன. ஆப்பிள் II கணினிக்கான எக்கோ II அட்டையில் இருந்த டிஎம்எஸ்5220 சிப்பை எடுத்துக்கொள்வோம். அது 25 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அதிகபட்சம் 50 பிட்டுகளில், ஒலியின் வலிமை, சுருதி, வாய்க்குழியின் வடிவத்தைக் குறிக்கும் 10 கெழுக்கள் ஆகியவற்றைப் பெற்று, குரல்நாண் அதிர்வுக்கு ஈடான துடிப்புகளையோ இரைச்சலையோ ஒரு வடிப்பானுக்குள் செலுத்தி, வினாடிக்கு 8,000 மாதிரிகளை உருவாக்கும். இந்தக் கணக்கை இன்றைய துல்லியத்தில் போட்டால் குரல் மாறிவிடும். பழைய சிப் எந்த இடத்தில் பிட்டுகளை வெட்டியதோ, எந்த அளவில் அலையின் உச்சியைத் தட்டையாக்கியதோ, அதையெல்லாம் அப்படியே செய்ய வேண்டும். அந்தப் பிழைகளும் குரலின் பகுதியே.

பேச்சொலி ஆய்வாளர் டென்னிஸ் கிளாட்டின் ஆய்விலிருந்து பிறந்து 1984இல் வெளிவந்த டெக்டாக் என்ற பேச்சுப் பெட்டியில் மோட்டோரோலா 68000 செயலி உச்சரிப்பு விதிகளைக் கவனித்துக்கொள்ள, டிஎம்எஸ்32010 சிப் ஒலியை உருவாக்கியது. இங்கே இரண்டு சிப்புகளையும் மென்பொருளில் அமைத்து, ரோமில் (கருவியின் நிலையான நினைவகத்தில்) உள்ள நிரலை மாற்றாமல் ஓட்டினால் போதும். ஸ்டீபன் ஹாக்கிங்கின் கால்டெக்ஸ்ட் 5010 கருவியின் குரலும் இவ்வழியில்தான் 2018இல் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்கு வந்தது. அதிலிருந்த என்இசி 7720 சிப்பின் நெருங்கிய உறவு சூப்பர் நின்டெண்டோ விளையாட்டுக் கருவியின் சில கார்ட்ரிட்ஜ்களிலும் இருந்ததால், அந்த விளையாட்டுகளுக்காக எழுதப்பட்ட எமுலேட்டர் நிரலே இதற்கும் கைகொடுத்தது.

வோட்ராக்ஸ் எஸ்சி-01 என்ற பேச்சுச் சிப்பின் கதை வேறு. அதன் வடிப்பான்கள் அனலாக் வகை, அதாவது எண்களைக் கணக்கிடாமல் மின்சுற்றாகவே இயங்குபவை என்பதால் படித்து ஓட்டுவதற்கு நிரல் எதுவும் இல்லை. சிப்பின் மூடியை அகற்றி, சிலிக்கானைப் படமெடுத்து, மின்தேக்கிகளின் பரப்பை அளந்து, அந்த விகிதங்களிலிருந்து வடிப்பானின் சமன்பாடுகளை வருவித்தார்கள்.

குரல் சரியாக வந்துவிட்டாலும் திரைவாசிப்பானுக்கு அது போதாது. எமுலேட்டர் அசல் கருவியைவிட வேகமாக ஓடக்கூடியது. சீரியல் இணைப்பின் தாமதமும் இனித் தேவையில்லை. ஆனால் முன்கூட்டியே உருவான ஒலி இடையகத்தில் (தற்காலிக நினைவகத்தில்) காத்திருக்கும்போது பயனர் பேச்சை நிறுத்தினால், ரோமுக்கு நிறுத்தக் கட்டளையை அனுப்புவதோடு அந்த ஒலியையும் தூக்கி எறிய வேண்டும். டெக்டாக் போன்றவை தாம் வாசித்துவரும் இடத்தைத் திரைவாசிப்பானுக்கு அறிவிக்கும் குறிகளையும் அனுப்பும். அந்தக் குறியை, ஒலி உருவான நொடியில் அன்றி, அது ஒலிபெருக்கியில் கேட்கும் நொடியில்தான் ஒப்படைக்க வேண்டும்; தவறினால் நீண்ட உரையை நடுவில் நிறுத்தும்போது கர்சர், கேட்ட சொல்லைத் தாண்டிச் சில வரிகள் முன்னால் போய் நிற்கும்.