ரீலோடிங் மேசைக்கு அடியில் கம்பளம் வேண்டாம்

குழந்தையின் இரத்தத்தில் காரீயம் இருக்கிறது என்றதும் நம் பெற்றோர் முதலில் சமையலறையைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த மஞ்சள்தூள், பாட்டி கொடுத்தனுப்பிய பித்தளைப் பாத்திரம், கண் மை, குங்குமம். நானும் இவற்றையெல்லாம் கேட்கிறேன். கேட்டே ஆக வேண்டிய கேள்விகள். ஆனால் வடக்கு டெக்சாஸில் குழந்தை மருத்துவராக இருக்கும் நான் இப்போதெல்லாம் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறேன்: வீட்டில் யாராவது தோட்டா ரீலோடிங் செய்கிறார்களா?

இந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் வருவது கூடிக்கொண்டே போகிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கடைகளில் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்துப் புதிய பிரைமர் (துப்பாக்கி ஊசி அடித்ததும் தீப்பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு போட்டு வீட்டிலேயே தோட்டா செய்யப் பலர் கற்றுக்கொண்டார்கள். வார இறுதியில் சுடுகளத்துக்குப் போகும் நம் இளைஞர்களும் அவர்களில் உண்டு. அவர்களது பொழுதுபோக்கைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த மேசைக்கு அடியில் இருக்கும் தரையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு வயதுப் பரிசோதனைக்கு வந்த இன்னொரு குழந்தையின் முடிவைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

விரல் நுனியில் எடுத்த இரத்தம் கூடுதலாகக் காட்டியதால் நரம்பிலும் எடுத்துப் பார்த்தோம். டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம். நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021 முதல் 3.5ஐயே கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்திருக்கிறது. புதிய வீடு, வீட்டுப் பூச்சில் காரீயம் 1978லேயே தடை செய்யப்பட்டுவிட்டதால் சுவர் காரணமில்லை. மசாலாக்களிலும் ஒன்றுமில்லை. கோடையில் கார் கொட்டகையில் நிற்க முடியாது என்பதால் தந்தை ரீலோடிங் மேசையை மாடியில் கேம் ரூமில் போட்டிருந்தார். தரை முழுக்கக் கம்பளம். அது கறைபடாமல் இருக்க அதன் மேல் இன்னொரு தடித்த விரிப்பு. அதே அறையின் மறுமூலையில் குழந்தையின் விளையாட்டுச் சாமான்கள்.

“நான் செம்பு உறையிட்ட குண்டுகளைத்தான் பயன்படுத்துகிறேன், டாக்டர். காரீயத்தைக் கையால் தொடுவதே இல்லை” என்றார். இந்தப் பதிலைத்தான் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேட்கிறேன். படித்தவர்கள், பொறியாளர்கள், எதையும் அளந்து செய்பவர்கள் சொல்கிறார்கள். தயவுசெய்து இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: ரீலோடிங் மேசையில் காரீயத் தூளின் பெரிய ஊற்று குண்டு அல்ல, சுட்டு முடித்த பிரைமர்தான். பெரும்பாலான பிரைமர்களில் இருப்பது ஈய ஸ்டிப்னேட் என்னும் காரீய உப்பு. துப்பாக்கி ஊசி அடித்ததும் அது எரிந்து, மிக நுண்ணிய காரீயத் துகளாகக் கூட்டின் உள்ளேயும் பிரைமர்க் குழியிலும் படிகிறது. குண்டு செம்பானாலும் சரி, தங்கமானாலும் சரி, அந்தத் துகள் படியத்தான் செய்யும். நீங்கள் பழைய பிரைமரைத் தட்டி வெளியே எடுக்கும்போது உதிர்கிறதே ஒரு சாம்பல்நிறப் பொடி, அதுதான் உங்கள் குழந்தையின் இரத்தத்தில் இருக்கிறது. கூடுகளை வால்நட் ஓட்டுத் தூளில் போட்டு உருட்டி மெருகேற்றுகிறீர்களே, அந்தத் தூள் முழுவதும் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. சல்லடையில் கொட்டிச் சலிக்கும்போது புகையாக எழுந்து தரையில் இறங்குகிறது. ‘காரீயம் இல்லாதது’ என்று பிரைமர்ப் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தால் ஒழிய, உங்கள் மேசையில் காரீயம் உண்டு. சுடுகளத்தில் பொறுக்கிவந்த பிறருடைய கூடுகளுக்கு அந்த உறுதியும் கிடையாது.

எவ்வளவு தூள் இருந்தால் ஆபத்து என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பழைய வீடுகளில் காரீயப் பூச்சை அகற்றிய பிறகு தரையில் எஞ்சலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024இல் வகுத்த அளவு, சதுர அடிக்கு 5 மைக்ரோகிராமுக்கும் கீழே. ஒரு கிராமை இரண்டு லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு. அது கண்ணுக்குத் தெரியாது. ‘பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கிறது’ என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

தரையைப் பாதுகாக்க விரிப்புப் போடுகிறார்கள். கீறல் விழாது, எண்ணெய்க் கறை படாது, கால் வலிக்காது, கீழே விழுந்த பிரைமர் உருண்டோடாது. தரையைப் பொறுத்தவரை எல்லாம் சரி. ஆனால் கம்பளம் தூளைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது. கழுவினாலும் முழுதாகப் போகாது. புதிர்த்துண்டுகள்போல் கோக்கும் நுரை விரிப்பு இன்னும் மோசம், அதன் இணைப்புகள் எல்லாம் தூள் தங்கும் பள்ளங்கள். போதாததற்கு, கம்பளத்தில் நடந்தால் நிலைமின்சாரம் உண்டாகும். பக்கத்திலேயே வெடிமருந்தும் பிரைமரும் திறந்திருக்கின்றன. இழைகளுக்குள் புதைந்த, இன்னும் வெடிக்காத பிரைமர் ஒன்று பின்னொரு நாள் வேக்யூம் கிளீனரில் ஏறி வெடிக்கலாம்.

வேக்யூம் கிளீனரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் சாதாரண இயந்திரத்தை அந்த மேசைக்குக் கீழே கொண்டுபோகவே கூடாது. நுண்ணிய காரீயத் தூள் அதன் வடிகட்டியைத் தாண்டி வெளியேறி அறை முழுக்கப் பரவும். பிறகு அதே இயந்திரம் குழந்தையின் படுக்கையறைக்கும் போகிறது. மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளது காரீயத் தூளுக்கு உதவும். ஆனால் சிந்திய வெடிமருந்தையும் விழுந்த பிரைமரையும் அதைக் கொண்டும் உறிஞ்சாதீர்கள். இயந்திரத்துக்குள் தீப்பொறி உண்டு. பிரைமரைக் கையால் பொறுக்குங்கள், வெடிமருந்தை மென்மையான தூரிகையால் தட்டில் மெதுவாகத் தள்ளி எடுங்கள், அதன் பிறகு ஈரத்துணி.

மேசைக்கு அடியில் வேண்டியது இணைப்பில்லாத, வழவழப்பான, ஈரத்துணியால் துடைக்கக்கூடிய தரை. ஒரே துண்டான வினைல் ஷீட் போதும். மேசையைவிட எல்லாப் பக்கமும் அகலமாக, சுவரோரம் சற்றே மேலே மடித்து விடுங்கள். கார் கொட்டகையின் வெறும் கான்கிரீட்டில் துளைகள் உண்டு, அதை எப்பாக்ஸி பூசி மூடுங்கள். நின்று வேலை செய்யக் கால் வலித்தால், பிளவில்லாத ரப்பர் விரிப்பு ஒன்று, வேலை முடிந்ததும் துடைத்துவிடக்கூடியதாக. சுட்ட பிரைமர்கள் தட்டில் தெறிப்பதற்குப் பதிலாக, அவற்றைத் தள்ளி வெளியே எடுக்கும் பிரஸ் கருவியிலிருந்து குழாய் வழியாக மூடிய பாட்டிலில் விழுமாறு செய்யுங்கள். உருட்டுவதையும் சலிப்பதையும் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் உருட்டினால் தூசி எழாது, ஆனால் அந்தக் கறுப்புத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் என்ன பயன்?

ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் சோப்புநீரில் நனைத்த துணியால் தரையைத் துடைத்து, துணியை எறிந்துவிடுங்கள். காய்ந்த துடைப்பம் வேண்டாம். அங்கே போடும் செருப்பு அங்கேயே இருக்கட்டும். சட்டையைக் குழந்தையின் துணிகளோடு துவைக்காதீர்கள். இங்குள்ள வீடுகளில் கார் கொட்டகைக் கதவு நேராகத் துணி துவைக்கும் அறைக்கோ சமையலறைக்கோ திறக்கிறது; குழந்தையின் தள்ளுவண்டியும் அந்தக் கொட்டகையில்தான் நிற்கிறது. அதன் சக்கரங்களை யாரும் துடைப்பதில்லை.

கம்பளம் விரித்த அறையில் ஏற்கெனவே மேசை இருந்தால், மேசையை மட்டும் நகர்த்திவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். கம்பளத்தை ஈரம் தெளித்து, பிளாஸ்டிக்கில் சுருட்டி அகற்றுங்கள். நல்ல நிலையில் இருக்கிறதே என்று இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு தரையைத் துடைத்தெடுத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள்.

கருவுற்றிருக்கும் தாய்மார்கள் அந்த அறைக்குள் போக வேண்டாம், அந்தச் சட்டைகளைத் துவைக்கவும் வேண்டாம். காரீயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவை அடையும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ரீலோடிங் மேசை இருந்தால், நான் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். எத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. மேசை எந்த அறையில், தரை என்ன, குழந்தை எங்கே தவழ்கிறது, இவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும். இரத்தத்திலிருந்து காரீயத்தை இறக்கும் மருந்தை நாங்கள் பொதுவாக 45ஐத் தாண்டினால்தான் தொடங்குகிறோம். 11க்கு எங்களிடம் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தை காரீயத்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால் அதைச் சரிசெய்வோம், மறுபரிசோதனைக்கு நாள் குறிப்போம், அண்ணன் அக்காவுக்கும் இரத்தம் எடுப்போம். மற்றதெல்லாம் அந்தத் தரையில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை. மறுபரிசோதனைக்கு வரும் முன் அதை முடித்துவிட்டு வாருங்கள்.