படுத்தவரை எழுப்பத் தெரிய வேண்டும்: அறிதுயில் சிகிச்சைக்குப் போகும் முன்

“ஏனுங்க, முழிக்காமயே போயிட்டா என்னங்க பண்றது?”

அறிதுயில், அதாவது ஹிப்னாடிசம் என்றதும் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து மக்கள் முதலில் கேட்பது இதைத்தான். அப்படி யாரும் உள்ளேயே சிக்கிக்கொள்வதில்லை. கவனிக்காமல் விட்டாலும் தானாகத் தெளிவார், இல்லையென்றால் கொஞ்சம் தூங்கி எழுவார். ஆனாலும் கேள்வி நியாயமானது. அரைகுறையாக எழுப்பினால் தலைபாரமும் மந்தமும் தள்ளாட்டமும் மணிக்கணக்கில் நீடிக்கலாம். அண்ணன்மார் கதை (பொன்னர்-சங்கர் கூத்து) நடக்கும் ஊர்களில் இது புரியாத விஷயம் அல்ல. படுகளத்தில் (கதையின் போர்க்களக் காட்சியில்) அருள் வந்து விழுந்தவர்களைத் தீர்த்தம் தெளித்து எழுப்புவதும் அந்தச் சடங்கில் அடக்கம். சில நாள் வகுப்பில் ‘வசியம்’ படித்துவிட்டுப் போர்டு மாட்டுபவர்கள் விழவைக்க மட்டும் கற்றிருப்பார்கள்.

ஹிப்னாஸிஸ் என்ற பெயர் தூக்கத்துக்கான கிரேக்கச் சொல்லில் பிறந்தது. 1843-இல் அதைப் பற்றி நூல் எழுதிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டே, இது தூக்கம் இல்லை என்று உணர்ந்து பின்னால் பெயரை மாற்றப் பார்த்தார். பழைய பெயரே நிலைத்துவிட்டது. பாம்பணைப் பெருமாளுக்குச் சொல்லும் ‘அறிதுயில்’ இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது: அறிந்துகொண்டே துயில்வது. உள்ளே இருப்பவருக்குப் பேசுவது கேட்கும். பிடிக்காததை மறுக்கவும் முடியும்.

எதற்கு உதவும்? பரிசோதனையில் எதுவும் தென்படாமல் வயிறு மட்டும் பாடாய்ப்படுத்தும் ஐபிஎஸ் (IBS) என்ற குடல் நோய்க்கு நல்ல சான்று இருக்கிறது. 1984-இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழு, எந்த மருந்துக்கும் அடங்காத 30 பேரிடம் சோதித்து வெளியிட்ட முடிவிலிருந்து அது தொடங்குகிறது. இன்று 7 முதல் 12 அமர்வு வரை கொடுக்கிறார்கள். நாள்பட்ட வலி, ஊசிப் பயம், பல் பிடுங்கும் பயம் ஆகியவற்றுக்கும் துணைச் சிகிச்சையாகப் பயன்படுகிறது. துணை என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை இதற்காக நிறுத்தக் கூடாது.

முதல் நாள் கண்ணை மூடச் சொல்வதே இல்லை. ஒரு மணி நேரம் பேச்சுதான். கொங்குப் பகுதியில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: “உங்களுக்குச் சாமி வருமா?” வரும் என்றால் எங்கே, எப்போது, எவ்வளவு நேரத்தில் மலையேறுகிறது என்று கேட்க வேண்டும். கோயிலில் உடுக்கையோ பம்பையோ அடிக்கும்போது வந்து, திருநீறு பூசியதும் தெளிந்தால் அது நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடும் வழிபாட்டில் வருவதைத் தனியே பிரித்து வைக்கிறது. அடுப்படியிலும் தறிக்கூடத்திலும் வேண்டாமலே வந்து பிழைப்பைக் கெடுத்தால் கதை வேறு. கைகால் வெட்டி இழுத்து, நாக்கு கடிபட்டு, சிறுநீர் போய், அப்புறமும் குழம்பிக் கிடந்தால் வலிப்பாக இருக்கலாம்; நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். காதில் குரல் கேட்பவர், யாரோ தன்னை இயக்குவதாக நம்புபவர், பித்து நிலையில் இருப்பவர் ஆகியோருக்கு அறிதுயில் கொடுக்கக் கூடாது.

கட்டில் தேவையில்லை, கை வைத்த நாற்காலி போதும். நைட் ஷிப்ட் முடித்து மில்லிலிருந்து நேரே வருபவர் உட்கார்ந்தவுடன் குறட்டை விடுவார். குறட்டைக்கு நடுவே சொல்வது எதுவும் ஏறாது. அவருக்கு வார விடுமுறை நாள்தான் சரி. இன்சுலின் போடுபவர் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். சர்க்கரை இறங்கி வரும் சொக்கலும் அறிதுயிலும் மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரியும்.

பார்வை மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்வோம். மூச்சை 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விட வேண்டும். இமை கனத்து மூடியதும் நெற்றியிலிருந்து பாதம் வரை தளர்த்தி, 10-லிருந்து 1 வரை படியிறங்குவது போல எண்ண வேண்டும். இதற்குப் பத்து நிமிடம். அடுத்த பத்துப் பதினைந்து நிமிடம்தான் சிகிச்சை. வயிற்றுப் பிரச்சினைக்கு மான்செஸ்டர் முறையில் உள்ளங்கைச் சூட்டை வயிற்றில் உணரவைத்து, ஆறு ஓடுவதைக் கற்பனை செய்யச் சொல்வார்கள். கீழ்பவானிப் பாசனத்தில் பண்ணையம் பார்ப்பவருக்கு ஆற்றைவிட வாய்க்கால் மடை நன்றாகப் பிடிபடும். பேதி ஆகிறவர் மடையைப் பாதி அடைப்பார், மலம் இறுகியவர் கொஞ்சம் திறந்துவிடுவார். தறிச் சத்தத்தில் வளர்ந்தவரை நிசப்தமே பதற வைக்கலாம். மின்விசிறி ஓசை இருக்கட்டும்.

இனி எழுப்புவது. கை கனக்கிறது, மரத்துவிட்டது என்று என்னென்ன சொன்னோமோ அத்தனையையும் பெயர் சொல்லித் திரும்ப எடுக்க வேண்டும்: “கை லேசாகிறது, உணர்ச்சி வந்துவிட்டது.” பல கோளாறுகள் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன. பிறகு 1 முதல் 5 வரை எண்ணி விரல், தோள், கழுத்து அசைந்து கண் திறக்க வேண்டும். என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து, பத்து நிமிடம் உட்காரவைத்து, மெதுவாக நிற்கச் சொல்ல வேண்டும். பிரஷர் மாத்திரை எடுப்பவருக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அரை மணி நேரமாவது வண்டி ஓட்டக் கூடாது. நடுவில் அழுகை பொங்கினால் பதறி உலுக்கக் கூடாது, மேலும் தோண்டவும் கூடாது. கண்ணைத் திறக்கச் சொல்லி, காலைத் தரையில் ஊன்றவைத்து, அறையில் தெரியும் ஐந்து பொருளைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் அடங்கும்.

இரண்டு விளம்பரங்களைக் கண்டால் விலகிவிடுங்கள். ஒன்று, மறந்த நினைவையோ முற்பிறவியையோ மீட்பது. இந்த நிலையில் கற்பனையும் நினைவு போலவே அழுத்தமாகப் பதியும். கேட்பவரின் கேள்வியே பதிலை உண்டாக்கிவிடும். அதை நம்பி மாமன் மச்சானிடம் பேச்சை முறித்துக்கொண்ட பிறகு திருத்துவது பெரும்பாடு. இன்னொன்று, ஒரே சிட்டிங்கில் குடி நிறுத்தம். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிரும் போகலாம். முதலில் மருத்துவமனையில் மருந்தோடு நஞ்சிறக்கம் (டீடாக்ஸ்). அறிதுயில் எல்லாம் அதற்குப் பிறகு.

மனநல மருத்துவரா, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். பதிவு எண் சொல்லத் தயங்குபவரிடம் உட்கார வேண்டாம். வீட்டில் கேட்க 15, 20 நிமிட ஒலிப்பதிவு கொடுப்பார்கள். அதை நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். காதில் மாட்டிக்கொண்டு அவிநாசி ரோட்டில் வண்டி ஓட்டாதீர்கள்.