செக் வழக்கு: நோட்டீஸில் தொகையும் தேதியும் பிசகினால்

கடன் கொடுத்ததும் செக் திரும்பியதும் மறுக்க முடியாத உண்மையாக இருந்தும் 138-வது பிரிவின்கீழ் போடும் சில செக் வழக்குகள் தள்ளுபடியாகின்றன. காரணத்தைத் தேடிப் போனால் வக்கீல் நோட்டீஸின் ஒரு வரியிலோ ஒரு நாள் கணக்கிலோ போய் நிற்கும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு 2 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடியது. தண்டனைப் பிரிவு என்பதால் அதன் நிபந்தனைகளை நீதிமன்றம் எழுதியுள்ளபடியே படிக்கும். ஏறக்குறைய நிறைவேற்றிவிட்டோம் என்ற வாதம் அங்கே எடுபடாது.

நோட்டீஸில் 'மேற்சொன்ன தொகை'யைக் கேட்க வேண்டும் என்கிறது சட்டம். அது செக்கில் எழுதிய தொகை, மொத்த பாக்கி அல்ல. காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் செக் 1 கோடி ரூபாய்க்கு, நோட்டீஸ் கேட்டதோ 2 கோடி. தட்டச்சுப் பிழை என்று வாதிட்டும் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நோட்டீஸே செல்லாது என்றது. வட்டியும் நோட்டீஸ் செலவும் கேட்கக் கூடாது என்பதில்லை. செக் தொகையைத் தனி வாக்கியத்தில், எண்ணிலும் எழுத்திலும் கேட்டுவிட்டு, மற்றவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் போடுங்கள். பழைய நோட்டீஸைத் திறந்து பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றுகிற பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. செக் திரும்பியதாக பேங்க் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கையில் கிடைத்ததிலிருந்து எதிர்த்தரப்புக்குப் பணம் கட்ட 15 நாள். பணம் வராவிட்டால் அதன்பின் 1 மாதத்துக்குள் புகார். சாகேத் இந்தியா வழக்கில் நோட்டீஸ் கிடைத்தது 29.9.1995. 15 நாள் 14.10.1995-ல் முடிந்து, மறுநாள் வழக்குமூலம், அதாவது புகார் கொடுக்கும் உரிமை, எழுந்தது. புகார் தாக்கலானது 15.11.1995-ல். மாதத்தை 30 நாளாக எண்ணியிருந்தால் ஒரு நாள் தாமதம். ஆனால் சட்டத்தில் இருப்பது மாதம், அதுவும் காலண்டர் மாதம். வழக்குமூலம் எழுந்த நாளைக் கழித்துத்தான் எண்ண வேண்டும் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் புகார் பிழைத்தது.

அவசரமும் ஆகாது. 15 நாள் முடியுமுன் கொடுத்த புகார் புகாரே அல்ல என்று 2014-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போடலாம். நோட்டீஸுக்கான 30 நாளுக்குச் சட்டம் அந்த வழியைத் தரவில்லை.

செக் திரும்பும் காரணத்தை மட்டும் நீதிமன்றம் விரித்துப் படிக்கிறது. பணம் போதாமை, பேங்கோடு செய்த ஏற்பாட்டை மீறிய தொகை, இந்த இரண்டுதான் சட்டத்தில் உள்ளன. 'கணக்கு மூடப்பட்டது' என்பதும் இதில் அடங்கும் என 1999-லும், கையெழுத்துப் பொருந்தாமை அடங்கும் என 2012-லும் முடிவானது. செக் கொடுத்தவரே கணக்கை மூடித் தப்பிக்க முடியுமென்றால் இந்தப் பிரிவால் யாருக்கும் பயனிருக்காது. எனவே அது மிகச் சரியான முடிவு.

30 நாள் தவறிவிட்டதா? செக் தேதியிலிருந்து 3 மாதம் முடியவில்லை என்றால் மீண்டும் பேங்கில் போடுங்கள். இரண்டாம் முறை திரும்பியதை வைத்துப் புது நோட்டீஸ் அனுப்பலாம். அதைத் தடுக்கும் எதுவும் 138-ல் எழுதப்படவில்லை என்பதே எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வந்த முடிவு.