கித்துள் பாணியாகிப் போன கடல்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவர் கேட்கிறார்: “காலிமுகத்திடல் அலையைக் கணினியில் அசைய வைக்க நானே ஒரு நிரல் எழுதினேன். பிசுக்குமையைப் பூச்சியம் என்று கொடுத்தும் தண்ணீர் கித்துள் பாணி மாதிரி வழிகிறது. நேரப்படியை, அதாவது கணினி ஒரு தடவையில் தாண்டும் நேரத்தை, சின்னதாக்கினால் இன்னும் மோசம். எங்கே பிழை?”

வீடியோவும் அனுப்பியிருந்தார். தயிர்ச்சட்டியில் ஊற்றிச் சாப்பிடலாம், அப்படி ஒரு கடல்.

தம்பி, சமன்பாட்டில் பிழையில்லை. தண்ணீர் போன்றவை ஓடும் விதத்துக்கு நவியர் 1822இலும் ஸ்ரோக்ஸ் 1845இலும் எழுதிவைத்த அதே சமன்பாடுதான். கடலைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வேகம் கொடுத்து, தண்ணீர் அமுங்காதபடி அமுக்கத்தைக் கணித்துத் திருத்துகிறீர்கள். அது சரி. பாணி காய்ச்சப்படுவது அடுத்த படியில், தண்ணீர் ஓடும்போது தன் வேகத்தையும் கூடவே கொண்டுபோகும் இடத்தில்.

நீங்கள் கையாண்டிருப்பது யொஸ் ஸ்டாம் 1999இல் அனிமேஷன் உலகத்துக்குக் கொண்டுவந்த முறை. ஒவ்வொரு கட்டமும், ‘இப்போது என்னிடம் இருக்கும் தண்ணீர் சற்று முன் எங்கே இருந்தது?’ என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறது. அந்த இடம் பெரும்பாலும் இரண்டு கட்டங்களுக்கு நடுவே விழும். என்ன செய்வது? இரண்டின் வேகத்தையும் கலந்து சராசரி எடுத்துக்கொள்கிறது.

ஒரு கடதாசியில் போட்டுப் பாருங்கள். நாலு கட்டங்கள், வேகங்கள் 0, 10, 0, 0. தண்ணீர் வலப்பக்கம் அரைக் கட்டம் நகர்கிறது. சராசரி எடுத்தால் 0, 5, 5, 0. இன்னொரு அரைக் கட்டம்: 0, 2.5, 5, 2.5. மொத்தமாக ஒரு கட்டம் நகர்ந்தாயிற்று. நியாயப்படி 10 அப்படியே மூன்றாம் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். இருப்பதோ 5. கூட்டிப் பார்த்தால் 10 வருகிறது, ஒன்றும் களவு போகவில்லை. ஆனால் கூர் போய்விட்டது. வேகமாக ஓடும் நீர் பக்கத்து நீரை இழுத்து, தானும் வேகம் குறைவதைத்தானே உயர்தர பௌதிகவியலில் பிசுக்குமை என்று படித்தோம்? நீங்கள் பூச்சியமாக்கிய பிசுக்குமை சராசரி என்ற பெயரில் பின்கதவால் வந்துவிட்டது.

நேரப்படியைச் சின்னதாக்கினால் ஏன் மோசம் என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. அதே தூரத்தைக் கால் கட்டமாக நாலு தடவை நகர்த்துங்கள், உச்சம் 4.2 ஆகிவிடும். அதிகப் படிகள் என்றால் அதிகச் சராசரிகள். நுணுக்கமாகச் செய்யச் செய்யப் பாணி தடிக்கிறது! எனக்கு இந்த விஷயம் இன்னும் அலுக்கவில்லை.

மாற்று வழி, வேகத்தைக் கட்டங்களிடம் கொடுத்து வைக்காமல் துணிக்கைகளிடம் கொடுப்பது. இலட்சக்கணக்கான துணிக்கைகள் தங்கள் வேகத்தைத் தாங்களே சுமந்து ஓடும். அமுக்கக் கணக்குக்கு மட்டும் கட்டங்களில் வந்து கூடும். 1950களில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் பிரான்சிஸ் ஹார்லோவின் குழு இப்படிச் செய்தபோதும் ஒரு சிக்கல் இருந்தது. கூடிய இடத்தில் எல்லார் பணத்தையும் ஒன்றாகக் கொட்டி, பிரிந்து போகும்போது சராசரியைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். மறுபடியும் பாணி. 1986இல் பிராக்பில்லும் ரூப்பெலும் செய்த திருத்தம் மிக எளியது: அவரவர் பணப்பை அவரவரிடமே இருக்கட்டும், இன்றைய இலாப நட்டத்தை மட்டும் சொல்லுங்கள். அதாவது புது வேகத்தைக் கொடுக்காமல், வேகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை மட்டும் துணிக்கையோடு கூட்டுவது. ஃபிளிப் என்று பெயர். 2005இல் சூவும் பிரிட்சனும் இதை அனிமேஷனுக்குக் கொண்டுவந்தார்கள், அதுவும் மணலை அசைக்க. இதற்கும் ஒரு குறை உண்டு, தண்ணீர் கொஞ்சம் பதறும். அதனால் ஹார்லோவின் பழைய முறையில் ஐந்து வீதம் போலக் கலந்துவிடுவார்கள்.

ஹார்லோ வேலை செய்தது அணுகுண்டு செய்த ஆய்வுகூடத்தில். குண்டுக்குக் கிடைத்த பணத்தில் வளர்ந்த கணக்கு, இன்று கார்ட்டூன் கடலை ஆட்டுகிறது. இங்கே இப்படி ஒரு ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால், ‘படம் காட்டவா?’ என்பார்கள். 2016 மே மாதம் களனி ஆறு பெருகிக் கொலன்னாவைக்குள் வந்ததே, அந்த மாதிரி வெள்ளத்தைக் கணிக்கும் நிரலுக்கும் இதே நோய் வரும். சராசரி எடுத்து எடுத்து வெள்ளத்தின் உச்சம் கணினியில் மழுங்கிவிடும். இதைத் திருத்தத் தெரிந்த பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுப்பது வீண் செலவு என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் இன்னொன்று. உங்கள் நிரலில் கடலை அடைத்து வைத்திருக்கும் பெட்டியின் நீளம் 1 மீற்றர், ஆனால் படத்தில் அது 100 மீற்றர் கடல். அதனால் 1.25 மீற்றர் அலை நிரலுக்குள் 1.25 சென்ரிமீற்றர்தான். உண்மையில் அந்த உயரத்திலிருந்து நீர் விழ அரைச் செக்கன் வேண்டும், உங்களுடையது அதில் பத்திலொரு பங்கில் விழுந்துவிடுகிறது. பார்க்கிறவருக்கு வாளித் தண்ணீர் ஞாபகம் வருவது அதனால்தான். பெட்டியை 100 மீற்றர் ஆக்குங்கள், புவியீர்ப்பு 9.81 அப்படியே இருக்கட்டும்.

நுரையைப் பிறகு பார்க்கலாம், அது தனிக் கதை. முதலில் ஃபிளிப்பைப் போட்டு இன்னொரு வீடியோ அனுப்புங்கள். கரையில் ஒரு இறால் வடை வண்டியையும் வையுங்கள், நனைகிறதா பார்ப்போம்.