எலெக்‌ஷன் செர்மன் – தேர்தல் நாள் மறையுரை: சொல் விளக்கம்

அமெரிக்கக் குடியரசின் தொடக்கக் கால வரலாற்றை, குறிப்பாக நியூ இங்கிலாந்து என்றழைக்கப்படும் வடகிழக்கு மாநிலங்களின் வரலாற்றைப் படிப்பவர்கள் ‘எலெக்‌ஷன் செர்மன்’ என்னும் தொடரை அடிக்கடி காண்பார்கள். இதைத் ‘தேர்தல் பிரசங்கம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், வாக்குக் கேட்டு மேடையேறிப் பேசிய பேச்சு என்றே தமிழ் வாசகர் பொருள்கொள்வார். உண்மையில் அது வாக்குக் கேட்கும் உரையே அன்று. நிலைபெற்ற வழக்கில், வாக்குப்பதிவு முடிந்து, புதிய அரசு கூடும் நாளில், சட்டமன்றமே தேர்ந்தழைத்த ஒரு போதகர், ஆளுநரும் அவையினரும் அமர்ந்து கேட்க, விவிலிய வசனம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆள்வோரின் கடமையையும் அதிகாரத்தின் எல்லையையும் விளக்கிய உரை அது. ஆளப்படுவோருக்கு அன்றி ஆள்வோருக்குச் சொல்லப்பட்டது என்பதே இந்தச் சொல்லின் உயிர்; தமிழில் எந்தச் சொல்லை வைத்தாலும் இந்தப் பொருள் தவறிப்போகக் கூடாது.

‘செர்மன்’ என்பதற்கு மூலம் ‘செர்மோ’ என்னும் இலத்தீன் சொல். பேச்சு, உரையாடல் என்பதே அதன் பழம்பொருள். தொடுத்தல், கோத்தல் என்று பொருள்படும் வினையோடு அதை உறவுபடுத்துவது மரபு. கிறித்தவத் திருச்சபை அச்சொல்லை எடுத்தாண்டபோது அது மறைநூல் விளக்க உரையைக் குறிக்கலாயிற்று. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கும் வந்தது. நம் ‘பிரசங்கம்’ நடந்துவந்த வழியும் இதைப் பெரிதும் ஒத்தது. வடமொழியில் ‘பிரசங்க’ என்பது பற்றுதல், தொடர்பு, சந்தர்ப்பம் என்ற பொருள்களை உடையது. தமிழில் அது அவையில் ஒரு பொருள் பற்றி நிகழ்த்தும் சொற்பொழிவாகி, சீர்திருத்தத் திருச்சபையினரின் வழக்கில் ஞாயிறு ஆராதனையின் உரைக்கு நிலைத்த பெயராயிற்று.

‘எலெக்‌ஷன்’ என்பது பொறுக்கி எடுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விழைந்தவர்களான நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் சபையாருக்கு இந்த ஒரே சொல் இரண்டு பொருள் தந்தது: ஒன்று, மக்கள் தம் ஆட்சியாளரைத் தேர்வது, மற்றொன்று, கடவுள் மீட்புக்கு உரியோரை முன்குறித்துத் தேர்வது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இரண்டாவதை ‘தெரிந்துகொள்ளுதல்’ என்கிறது. அதே மொழிபெயர்ப்பு, மோசேக்கு அவன் மாமன் எத்திரோ சொன்ன யோசனையிலும், தேவனுக்குப் பயந்தவர்களும் பொருளாசையை வெறுக்கிறவர்களுமான திறமையுள்ள மனிதரைத் ‘தெரிந்துகொள்ள’ச் சொல்கிறது. ஆகவே இறையியல் தேர்வுக்கும் ஆட்சித் தேர்வுக்கும் தமிழ் விவிலியமும் ஒரே வினையைத்தான் ஆள்கிறது. நம் ‘தேர்தல்’ ஆராய்ந்து கொள்ளுதல் என்னும் பொருளைத் தன்னுள் உடையது. அரசன் தன் வினைக்குரியவரைத் தேரும் முறையைக் கூறும் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில் ‘தேறற்க யாரையும் தேராது’ என்று வள்ளுவர் சொல்லும்போது நிற்பதும் அதே ஆராய்ச்சிப் பொருள்தான்.

வழக்கம் தொடங்கியது மாசசூசெட்சில், 1634இல். அவ்வாண்டு ஜான் காட்டன் என்னும் போதகர், தக்க காரணமின்றி ஓர் ஆட்சியாளரைப் பதவியிலிருந்து இறக்கித் தனிமனிதராக்கக் கூடாது என்று உரைத்தார். கேட்டிருந்த உரிமைக் குடியினர் (வாக்குரிமை பெற்றவர்கள்) அன்றே, அதுவரை ஆளுநராயிருந்த ஜான் வின்த்ராப்பை விலக்கிவிட்டுத் தாமஸ் டட்லியை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தனர். போதகரை மதித்து உட்கார்ந்து கேட்பது வேறு, வாக்கைத் தம் மனப்படி இடுவது வேறு என்ற தெளிவு முதல் உரையின் நாளிலேயே இருந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1638 மே மாதம், ஹார்ட்ஃபர்டில் கனெக்டிகட் மன்றத்தின் முன் பேசிய தாமஸ் ஹூக்கர், அதிகாரத்தின் அடித்தளம் மக்களின் கட்டற்ற இசைவே என்றார். அடுத்த ஜனவரியில் அக்குடியேற்றம் தன் ஆட்சிமுறையை வகுக்கும் அடிப்படை ஆணைகளை எழுதி ஏற்றுக்கொண்டது.

பிற்காலத்தில் இவ்வழக்கம் உறுதியான சடங்காயிற்று. மாசசூசெட்சில் மே மாதக் கடைசிப் புதன்கிழமையும், கனெக்டிகட்டில் மே மாத இரண்டாம் வியாழக்கிழமையும் இதற்குரிய நாள்கள். 1780இன் மாசசூசெட்சு அரசியலமைப்பின்படி ஊர்களில் ஏப்ரல் மாதமே வாக்குப்பதிவு முடிந்துவிடும். மே மாதக் கடைசிப் புதனன்று வாக்குக் கணக்குகளை இரு அவைகளும் பார்வையிட்டு முடிவை உறுதிசெய்யும். அந்நாளுக்கே அங்கே தேர்தல் நாள் என்று பெயர். (இந்த அரசியலமைப்பின் கீழ் ஆளுநர் என்றால் ஆண்டுதோறும் மக்கள் தேர்ந்தெடுத்தவர், நம் மாநிலங்களில் போல நியமனம் பெற்றவர் அல்லர்.) அவையினர் ஊர்வலமாக ஆலயத்துக்குச் செல்வர், உரை நிகழும், பின்பு விருந்து. உரையின் இறுதிப் பகுதியில் போதகர் முதலில் ஆளுநரையும், அடுத்து மன்றக் குழுவினரையும் பேரவையினரையும் தனித்தனியே விளித்து அறிவுரை கூறுவார். பின்னர் அந்த உரை அரசுச் செலவில் அச்சிடப்பட்டு உறுப்பினர்களுக்கும் ஊர்ப் போதகர்களுக்கும் வழங்கப்படும்.

அழைப்பும் அரசினுடையது, அச்சுக்கூலியும் அரசினுடையது என்றால் போதகர் வாயடைத்துப் போகமாட்டாரா என்ற ஐயம் இயல்பானது. புகழ்ந்து பேசி இறங்கியவர்களும் பலர் இருந்தனர். ஆயினும் 1774 மே 25 அன்று பாஸ்டனில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவிலிருந்த பிரித்தானியப் படைகளின் தலைவரான தாமஸ் கேஜ், புதிதாக மாசசூசெட்சு ஆளுநர் பொறுப்பேற்று வந்திருந்தார். பாஸ்டன் துறைமுகத்தை மூடும் ஆணை இன்னும் ஏழு நாளில் நடப்புக்கு வரவிருந்தது. அவர் முன் நின்ற கேட் ஹிட்ச்காக் என்னும் போதகர் எடுத்துக்கொண்ட வசனம் நீதிமொழிகள் 29:2. ‘நீதிமான்கள் பெருகினால் ஜனங்கள் மகிழுவார்கள், துன்மார்க்கர் ஆளும்போதோ ஜனங்கள் தவிப்பார்கள்’ என்பது அவ்வசனம். யாரைப் பார்த்து எந்தப் பாதியைச் சொல்கிறார் என்பதை அந்த அவையில் எவருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது. வசனத்தைத் தெரிவதிலேயே உரையின் பாதி முடிந்துவிடும் என்பதை அக்காலத்துப் போதகர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

குடியரசு பிறந்தபின் உரையின் தொனி மாறியது. 1780 அக்டோபர் 25 அன்று, மாசசூசெட்சின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளில், சாமுவேல் கூப்பர் எரேமியா நூலிலிருந்து, ஆளுகிறவர் மக்கள் நடுவிலிருந்தே தோன்றுவார் என்னும் பகுதியை எடுத்துப் பேசினார். எதிரே அமர்ந்திருந்த முதல் ஆளுநர் ஜான் ஹான்காக் அவருடைய சபையைச் சேர்ந்தவர். 1783இல் யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் ஹார்ட்ஃபர்டில் பேசியபோது, புதிய நாட்டையே கடவுளின் அமெரிக்க இஸ்ரவேல் என்றழைத்தார். 1788 ஜூன் 5 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் கான்கர்டில் சாமுவேல் லாங்டன், மோசேயின் காலத்து இஸ்ரவேலை ஒரு குடியரசாகவே விரித்துரைத்து, பன்னிரு கோத்திரங்களின் இடத்தில் பதின்மூன்று மாநிலங்களை வைத்துப் பார்க்கச் சொன்னார். முன்வைக்கப்பட்டிருந்த கூட்டாட்சி அரசியலமைப்பை ஏற்கவும் வேண்டினார். ஜூன் 21 அன்று அதே ஊரில் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவது மாநிலமாக அதை ஏற்க, அரசியலமைப்பு நடைமுறைக்கு வரத் தேவையான எண்ணிக்கை நிறைவேறியது. இஸ்ரவேலோடு செய்த இந்த ஒப்புமை, கேட்டவர்களுக்குப் பெருமிதத்தோடு எச்சரிக்கையையும் தந்தது. தீர்க்கதரிசிகள் மிகக் கடுமையாகக் கண்டித்தது இஸ்ரவேலைத்தான்.

இந்த மரபின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. உரையாற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர், பியூரிட்டன் வழிவந்த காங்கிரிகேஷனல் சபையினர். அச்சபை அங்கே வரிப்பணத்தில் வாழ்ந்தது. பாப்டிஸ்டு சபையாரோ தாம் போகாத ஆலயத்துக்கு வரி கட்டாதிருக்கச் சான்றிதழ் காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழைக் கொடுப்பதே அடிமைத்தனம் என்று ஐசக் பேக்கஸ் என்னும் பாப்டிஸ்டுப் போதகர் போராடினார். இந்நிலையில் 1779இல் தேர்தல் நாள் உரைக்கு அழைக்கப்பட்டவர் சாமுவேல் ஸ்டில்மன், ஒரு பாப்டிஸ்டுப் போதகர். அவர் எடுத்தது மத்தேயு 22:21, அதாவது இராயனுடையதை இராயனுக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்தச் சொன்ன இயேசுவின் மறுமொழி. (உரோமப் பேரரசனைத் தமிழாக்கியவர்கள் ‘இராயன்’ என்று வைத்தது, தமிழகத்தில் ராயர்கள் ஆண்ட நினைவின் எச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது.) அரசு அமைத்துக் கொடுத்த மேடையில் நின்றுகொண்டே, மனச்சான்றின் எல்லைக்குள் அரசு நுழையலாகாது என்று அவர் சொன்னார். இந்த மரபு முழுவதிலும் நான் மிக உயர்வாக மதிக்கும் உரை இதுவே. ஆனால் மறு ஆண்டு வந்த அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு, சீர்திருத்தச் சபைப் போதகர்களைப் பொதுச் செலவில் தாங்குமாறு ஊர்களைக் கட்டாயப்படுத்தச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. எந்தச் சபையும் மற்றொன்றுக்குக் கீழ்ப்பட்டதன்று என்று அதே பிரிவு சொன்னதால் வரிச்சுமை குறைந்துவிடவில்லை.

அரசு மதத்தை நிறுவக் கூடாது என்று 1791இல் அமெரிக்க அரசியலமைப்பில் வந்த முதல் திருத்தம் மைய நாடாளுமன்றத்தை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாநிலங்கள் தம் வழியில் போயின. ஆகவேதான் கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகள் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனுக்கு முறையிட்டு எழுதினர். 1802 ஜனவரி 1 அன்று அவர் எழுதிய மறுமொழியில்தான் திருச்சபைக்கும் அரசுக்கும் இடையிலான பிரிவுச் சுவர் என்னும் புகழ்பெற்ற தொடர் இருக்கிறது. அதே நாளில் மாசசூசெட்சின் செஷயர் ஊரிலிருந்து பாப்டிஸ்டுப் போதகர் ஜான் லீலண்ட், ஊரார் கூடிச் செய்த 1235 பவுண்டு எடையுள்ள பாலாடைக்கட்டியை அவருக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமையன்று, நாடாளுமன்ற அவையிலேயே லீலண்ட் பிரசங்கம் செய்ய, ஜெஃபர்சன் வந்து கேட்டார். சுவரை வேண்டியவர்கள் அரசின் காதில் வேதம் விழக் கூடாது என்று வேண்டவில்லை. அரசின் பணமும் கட்டளையும் சபைக்குள் வரக் கூடாது என்றே வேண்டினார்கள்.

கனெக்டிகட் 1818இலும் மாசசூசெட்சு 1833இலும் சபைக்கான அரசு ஆதரவை நீக்கின. கனெக்டிகட்டில் அதை எதிர்த்து மனமுடைந்த லைமன் பீச்சர் என்னும் போதகர், அம்மாநிலத்துக்கு வாய்த்த நன்மைகளிலேயே அதுதான் பெரியது என்று பிற்காலத்தில் சொன்னார். தேர்தல் நாள் உரை கனெக்டிகட்டில் 1830இலும் வெர்மான்ட்டில் 1834இலும் நின்றது. மாசசூசெட்சில் மட்டும் 1884 வரை நீடித்தது.

தமிழருக்கு இம்மரபோடு ஒரு மெய்யான தொடர்பு உண்டு. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிகள் நியூ இங்கிலாந்தின் காங்கிரிகேஷனல் சபைகளிலிருந்து புறப்பட்டவர்கள். தெல்லிப்பழையில் பணி தொடங்கிய டேனியல் பூவர் மாசசூசெட்சில் பிறந்தவர். அவர்களும் பிற மிஷனரிகளும் யாழ்ப்பாணத்தில் பரப்பிய பிரசங்க முறையை எதிர்கொள்ள, ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். ‘பிரசங்கம்’ என்னும் சொல் கிறித்தவருக்கும் சைவருக்கும் பொதுச்சொல்லாக நிலைத்ததில் இந்நிகழ்வுக்கும் பங்குண்டு.

இனித் தமிழ்ச் சொல். ‘அருளுரை’ பொருந்தாது, அது உயர்நிலையில் இருப்பவர் ஆசி கூறும் உரை என்ற பொருளைத் தருகிறது, இந்தப் போதகர்களோ ஆட்சியாளருக்கு ஆசி வழங்க வந்தவர்கள் அல்லர். ‘சொற்பொழிவு’ என்றால் மறைநூல் அடிப்படை விடுபடும். ‘மறையுரை’ கத்தோலிக்கர் திருப்பலியில் வாசகங்களை விளக்கும் உரைக்கு வழங்கும் சொல்லெனினும், மறை வசனத்திலிருந்து விரியும் உரை என்ற பொருளில் இங்கும் செவ்வையாகப் பொருந்துகிறது. ‘தேர்தல்’ என்பதோடு ‘நாள்’ சேர்ந்தால் பிரசாரம் என்ற மயக்கமும் நீங்குகிறது. எனவே பொது வாசகருக்குத் ‘தேர்தல் நாள் மறையுரை’ என்றும், சீர்திருத்தச் சபையாருக்கு எழுதும்போது ‘தேர்தல் நாள் பிரசங்கம்’ என்றும் வழங்கலாம். முதல் இடத்தில் ‘புதிய ஆட்சியாளர் முன் நிகழ்த்தியது’ என்று ஓர் அடைமொழி சேர்ப்பது நலம். இதே வகையில் அரசு அறிவித்த நோன்பு நாளில் நிகழ்த்தியதை ‘உபவாச நாள் மறையுரை’ என்றும், அறுவடைக்குப்பின் நிகழ்த்தியதை ‘நன்றியறிதல் நாள் மறையுரை’ என்றும், பாஸ்டனின் பழைய பீரங்கிப் படைக்குழு தன் அதிகாரிகளைத் தேரும் நாளில் நிகழ்வதைப் ‘படைக்குழுத் தேர்தல் மறையுரை’ என்றும் எழுதலாம்.