லிஃப்ட் சுவர் எந்தப் பக்கம்?

வீடு மாற்றும்போது பூட்டாத பீரோவை, கதவு டிரைவர் பக்கம் பார்க்க, மினி லாரியில் ஏற்றிப் பாருங்கள். டிரைவர் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் கதவு வீசித் திறந்துகொள்ளும். கதவின் எடை நடுவில் இருக்கிறது. பிடித்து நிறுத்தும் கீல் ஓரத்தில் இருக்கிறது. எடை முன்னே போகப் பார்க்கும், கீல் விடாது. கதவு சுழன்றுவிடும்.

நிலநடுக்கத்தில் கட்டடம் முறுக்கிக்கொள்வதும் இப்படித்தான். தரை அசையும்போது எழும் விசை, தளத்தின் எடைமையத்தில் தள்ளும். தூண்களும் சுவர்களும் சேர்ந்து அதை எதிர்க்கும் இடம் விறைப்புமையம். இரண்டும் விலகியிருந்தால் ஆட்டத்தோடு சுழற்சியும் சேரும். சுவரில்லாத ஓரத்துத் தூண்கள்தான் அதிக தூரம் இழுபடும்.

நிகராகுவாவின் தலைநகர் மனாகுவா, 1972 டிசம்பர் 23, நள்ளிரவு தாண்டிய நேரம். நிலம் குலுங்கியபோது அருகருகே இரண்டு வங்கிக் கட்டடங்கள் நின்றன. 15 மாடி பாங்கோ சென்ட்ரலில் லிஃப்ட், படிக்கட்டுச் சுவர்கள் எல்லாம் ஒரே கோடியில். பொறியாளர் டி.ஒய். லின் வடிவமைத்த 18 மாடி பாங்கோ தே அமெரிக்காவிலோ கான்கிரீட் சுவர்கள் நடுவில் சமச்சீராக. உயரமானது சிறிய சேதத்தோடு தப்பியது. மற்றது கடுமையாகச் சேதமடைந்தது. அதே நிலம், அதே குலுக்கல்!

நம் நாட்டு நிலநடுக்க விதியான ஐ.எஸ். 1893 இதை எப்படிக் கணக்கில் எடுக்கிறது? விசைக்குக் குறுக்கே 20 மீட்டர் நீளமுள்ள தளம், இரு மையங்களுக்கும் இடையே 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான ஆட்டத்தில் சுழற்சி இன்னும் பெருகும் என்பதால் 4-ஐ 1.5 ஆல் பெருக்க வேண்டும்: 6 மீட்டர். அதோடு நீளத்தில் 5 சதவீதம், அதாவது 1 மீட்டர் கூட்ட வேண்டும். மொத்தம் 7. தளத்தில் விழும் விசை 100 டன் என்றால் முறுக்கு 700 டன்-மீட்டர்.

அந்த 5 சதவீதம் எனக்கு மிகவும் பிடித்த விதி. வரைபடத்தில் இல்லாத எடைகளுக்கான இடம் அது. ஒரு மூலைக்கு நகர்ந்த தண்ணீர்த் தொட்டி, ஒரே அறையில் குவிந்த ஃபைல் ரேக்குகள், பிறகு எழுப்பிய செங்கல் சுவர் என்று வரைந்த பிறகு மாறாத கட்டடமே கிடையாது.

இன்னொரு கணக்கும் உண்டு: 4-இலிருந்து 1-ஐக் கழித்து 3 மீட்டர். சுவர் இருக்கும் பக்கத்துக்கு முறுக்கு சுமையைக் குறைத்துக் காட்டும். அந்தச் சலுகையை முழுதாக நம்பக்கூடாது என்பதற்காகவே இது. ஒவ்வொரு தூணுக்கும் இரண்டில் எது மோசமோ அதற்குக் கம்பி கட்ட வேண்டும்.

ஆனால் கணக்கு தூணைப் பருமனாக்கும், மையத்தை நகர்த்தாது. மூலைமனைகளில் இதைத் தினமும் பார்க்கிறேன். பக்கத்து மனைகளை ஒட்டிய இரண்டு பக்கமும் கெட்டிச் சுவர், தெருவைப் பார்த்த இரண்டு பக்கமும் கடை ஷட்டர். லிஃப்டும் அந்தக் கெட்டி மூலைக்கே போகும். அப்போது எதிர் ஓரத்தில் ஒரு ஷியர் வால், அதாவது பக்கவாட்டு விசையை எதிர்க்கும் கான்கிரீட் சுவர், கேட்பேன். சுவர்களை ஓரத்துக்குத் தள்ள வேறு காரணமும் இருக்கிறது: விறைப்புமையத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால், அதே சுவர் முறுக்கை எதிர்க்கும் விறைப்பு நான்கு மடங்காகும். அதற்காகக் கடை முகப்பில் ஆறடி போகும். வாடகைக் கணக்கு போட்டுப் பார்த்து முகம் சுளிக்கும் உரிமையாளரிடம், பென்சிலால் வரைந்திருக்கும்போதே இதைப் பேசிவிட வேண்டும்.