அத்தையின் 640

காரைக்குடியில் அத்தை வீட்டு முகப்புத் திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அத்தை ஒரு தைராய்டு ரிப்போர்ட்டை நீட்டினார். ஆன்டி டிபிஓ என்ற வரியில் 640. "60க்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு. எனக்கு வியாதி பத்து மடங்காப்பா?"

அந்த 640 வியாதியின் அளவே இல்லை. தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்வது அதே தாளில் மேலே இருந்த டிஎஸ்எச். அத்தைக்கு 7.8.

செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து அடுப்படி ரொம்பத் தூரம். முகப்பில் இருக்கும் ஆச்சி கேட்டது சீக்கிரம் வந்தால் குரல் மெதுவாக இருக்கும். தாமதமானால் குரல் ஏறும். டிஎஸ்எச் அந்தக் குரல்தான். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, கழுத்தில் இருக்கும் தைராய்டைப் பார்த்துப் போடும் சத்தம். பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்கும். வந்து சேரும் பலகாரம் டி4, அதாவது தைராய்டு சுரக்கும் ஹார்மோன். அத்தைக்கு டி4 சரியாகவே இருந்தது. அதாவது, கத்தினால் இன்னும் வேலை நடக்கிறது.

அடுப்படி ஏன் சுணங்குகிறது? அதற்குத்தான் ஆன்டி டிபிஓ. டிபிஓ என்பது அயோடினைப் பிடித்து ஹார்மோனில் கோக்கும் நொதி. நம் எதிர்ப்புச் சக்தியே தைராய்டை அந்நியமாக நினைத்துச் சிதைக்கத் தொடங்கும்போது, இந்த நொதிக்கு எதிரான ஆன்டிபாடிகள் ரத்தத்தில் சேர்கின்றன. பரிசோதனையில் பல முறைகள் உண்டு. எளிதில் புரிவது இது: டிபிஓ பூசிய சிறு குழியில் ரத்தத்தின் தெளிநீரை விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிட்டு, ஒட்டியதன் மேல் போய் உட்காரும் வேறொரு ஆன்டிபாடியைச் சேர்ப்பார்கள். அதன் வாலில் நிறமோ ஒளியோ தரும் பொருள் இருக்கும். அந்த ஒளியைத்தான் கருவி எண்ணாக்குகிறது.

1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ, 4 பெண்களின் தைராய்டில் வெள்ளணுக்கள் குவிந்திருந்ததை நுண்ணோக்கியில் பார்த்தார். காரணம் பிடிபடவில்லை. 1956இல்தான் லண்டனில் ராய்ட், டோனியாக் குழுவினர் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டு புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைக் கண்டார்கள். உடம்பு தன்னையே தாக்காது என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள்!

ஆக, ஆன்டி டிபிஓ என்பது ஆமாம்-இல்லை என்ற பதில். வியாதி இல்லாதவர்களிலும் சுமார் பத்தில் ஒருவருக்கு இது பாசிட்டிவாக வரும். மாதாமாதம் திரும்பப் பார்ப்பது வீண் செலவு என்பது என் கருத்து. தைராய்டு மாத்திரையின் அளவை டிஎஸ்எச்சும் டி4உம்தான் தீர்மானிக்கும். அதுவும் அளவை மாற்றி 6 முதல் 8 வாரம் கழித்து. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும்.

"சரி அத்தை, முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை ஏதாவது?"

உள்ளே போய் டப்பாவோடு வந்தார். 10 மில்லிகிராம். பல கருவிகள் பயோட்டினையே ஒட்டும் பசையாகப் பயன்படுத்துகின்றன. மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். குறைந்தது 2 நாளாவது நிறுத்திவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும்.

"அப்போ என் 7.8 நெசத்துல இன்னும் கூடவா இருக்கும்?" என்றார் அத்தை, டப்பாவைத் திண்ணையில் வைத்துவிட்டு.